பிடரிக்குத் தெரியும்

கைக்குத் தெரியாது.
இரண்டு வருஷம் கையை நம்பி வாங்கிக் கெட்டேன்.
ஆலையில் கடைசியாகப் பூசும் மென்மை
விரலுக்கு வெண்ணெய் போலத்தான் இருக்கும்,
முதல் சலவையில் சாக்கடையோடு போய்விடும்.
பிடரி ஏமாறாது.
அதனால் இப்போதெல்லாம்
ஜாலான் கெனாங்கா மொத்தக் கடைகளில்
ஒரு கையால் கொண்டையைத் தூக்கிப் பிடித்து
வெற்று டீ-சட்டையைப் பின்கழுத்தில் தேய்த்துப் பார்க்கிறேன்.
லாவ் தவுக்கே கால்குலேட்டரிலிருந்து தலை தூக்கி
"இது கடையா, குளியலறையா?" என்கிறார் மலாயில்.
எட்டு வெள்ளிக்கு எது வாங்கினாலும் உறுத்தும்,
அது அவர் வேதாந்தம்.

செந்தூலில் டயர் கடைக்கு மேல்மாடி எங்கள் பட்டறை.
துணி என் பாடு.
ஸ்க்ரீனும் ஸ்குவீஜியும் குணசீலன் ராஜ்ஜியம்.
போன வருஷம் ஒரு காவல் கம்பெனிக்கு நூற்றிருபது உருப்படி.
மூன்றாவது துவைப்பில்
பக்கத் தையல் மெல்ல நடந்து தொப்புளுக்கு வந்தது.
கம்பெனியின் பெயர் அக்குளுக்குள் நுழைந்தது.
காவலாளிகள் எல்லாரும்
எதையோ பார்க்காமல் திரும்பி நிற்பது போலிருந்தார்கள்.
பணம் பாதிதான் வந்தது. சிரிப்பு முழுசாக வந்தது.

அப்புறம் புஷ்பலீலா வந்தார், பத்தொன்பது சட்டைக்கு.
பத்தொன்பதுக்கெல்லாம் ஸ்க்ரீன் கட்டினால் கட்டாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"கழுத்தில் லேபிள் வேண்டாம்" என்றார்.
"தோள் தையல் தடிக்கக் கூடாது.
என் பையனுக்குத் துணி கத்தும்."
துணி கத்தும்.
அவர் உவமை சொல்லவில்லை.
ஏழு வயது. பள்ளி வாசலில் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக்
காதைப் பொத்திக்கொள்வானாம்.
அந்த வகுப்பில் இன்னும் பதினெட்டுப் பேர்.

மறுநாள் கெனாங்காவில் ஆறு மாடி.
"கோம்ப்ட்" என்றார்கள், "முப்பதாம் நம்பர் நூல்" என்றார்கள்,
பிரீமியம் என்ற சொல்லைப் பிளாஸ்டிக் உறையோடு
கையில் திணித்தார்கள்.
தேய்த்துத் தேய்த்துப் பிடரி சிவந்ததுதான் மிச்சம்.

லாவ் கடையில் மூட்டை தூக்கும் ஷொஃபிகுல்
ஏணியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.
காஜிப்பூரில் நாலு வருஷம் பின்னல் மெஷின் ஓட்டியவனாம்.
தவுக்கே சாப்பிடப் போனதும் இறங்கி வந்து
ஒரு சட்டையை உள்வெளியாகப் புரட்டினான்,
கைபேசி வெளிச்சத்தில் பிடித்தான்,
ஓரத்தை இழுத்துவிட்டு அது திரும்பி வரும்வரை எண்ணினான்.
"இது வேண்டாம். இதுவும் வேண்டாம்."
கீழ்த்தட்டில், நிறம் பிசகியதென்று ஒதுக்கிய கட்டு,
சாம்பலும் இல்லை, பச்சையும் இல்லை,
சாம்பாரில் வெந்த முருங்கைக்காய் நிறம்.
பிடரியில் வைத்தேன்.
வைத்தேனா என்று சந்தேகமாக இருந்தது.

ரப்பர் மை வேண்டாம் என்றேன் குணசீலனிடம்,
அது காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி நெஞ்சில் உட்காரும்.
மூன்று இரவு நீர்ச்சாயத்தோடு மல்லுக்கட்டினான்.
படம் ஒரு பேருந்து. வகுப்பே சேர்ந்து கேட்டது.
கண்ணை மூடி விரலோட்டினால்
பேருந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.
அன்று ராத்திரி மாதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.
காலையில் கீழே டயர் கழற்றும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன்.
பட்டறையிலேயே தூங்கியிருக்கிறேன்.

நாலு நாள் கழித்துப் புஷ்பலீலாவின் குரல்:
"கழற்ற மாட்டேங்கிறான். துவைக்கணும். நாறுது.
அதே மாதிரி இன்னும் ரெண்டு."

அதே மாதிரி.
அந்தக் கட்டு முடிந்தது. என்னுடையது பெரியவர் அளவு.
அதே ஆலை, அதே நூல், அதே எடை,
அடுத்த சரக்கில் வந்தது வேறு பஞ்சு.
ஷொஃபிகுலைப் பூச்சோங் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.
கொண்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.
லாவ் ஒன்றும் கேட்கவில்லை.
காற்றாடியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு,
முட்டியைப் பிடித்துக்கொண்டு,
கீழ்த்தட்டைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.